கருவியும் கருமமும்



போகபூமிக் காலம் முடிந்து கர்மபூமிக் காலம் தோன்றியபோது, வேண்டியவற்றையெல்லாம் வேண்டியவாறே அளித்துவந்த கற்பக மரங்கள் மெல்ல மெல்ல மறைந்தன. பசி இன்னதென்று அறியாதிருந்த மக்கள் பசித்தனர், அஞ்சினர், நாபி மன்னரை அடைந்து முறையிட்டனர். அவர் அம்மக்களைத் தம் திருமகனார் விருஷபதேவரிடம் அனுப்பினார். பகவான் அவர்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தருளினார். வாளேந்திக் காத்தல், எழுதுதல், உழுதல், கலை பயிலுதல், வாணிகம் செய்தல், கைவினை புரிதல் ஆகியவையே அவை. தம் பெண்மக்களுள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அறிவித்தார். இவ்வரலாற்றை ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. ஜினதர்மம் புதியன புனைதலை வெறுக்கும் சமயம் அன்று. முதல் தீர்த்தங்கரரே தொழில்களின் ஆசானாக விளங்கினார் என்பது ஒன்று. அவர் கற்பித்தவை யாவும் உயிர்களைப் பசியினின்றும் அச்சத்தினின்றும் காக்கும் பொருட்டே கற்பிக்கப்பட்டன; அவற்றுக்கு அவர் விலை பெறவில்லை என்பது மற்றொன்று.

நம் முன்னோர் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் ஏர் பிடித்து வாழ்ந்தனர். அவர்கள் கையாண்ட கருவிகள் ஏரும் மண்வெட்டியும் ஏற்றமுமே. இன்றோ நம் இல்லந்தோறும் பொறியியலும் கணினியியலும் பயின்ற பிள்ளைகள் உள்ளனர். அவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பொறிகளை வடிவமைக்கின்றனர், நிரல்களை எழுதுகின்றனர். ஆகவே, நம் முன்னோர்க்கு அரிதாகவே எழுந்திருக்கக்கூடிய ஒரு வினா நமக்கு நாள்தோறும் எழுகின்றது. ஒரு கருவியைப் புனைந்தவருக்கும் அக்கருவியால் விளையும் தீவினைக்கும் தொடர்பு உண்டா? "நான் செய்துதான் கொடுத்தேன், பயன்படுத்தியவர் வேறொருவர்" என்று சொல்லி விலகிவிட இயலுமா? இவ்வினாவைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூத்திரம் காட்டும் அளவுகோல்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினை வரவாகிய ஆஸ்ரவத்தை விளக்குகின்றார். ஒரே செயலைச் செய்த இருவருக்கும் வினை ஒரே அளவாக வந்து சேர்வதில்லை. எண்ணத்தின் கடுமை, எண்ணத்தின் மென்மை, அறிந்து செய்தல், அறியாது செய்தல், அதிகரணம், வீரியம் என்னும் ஆறினால் வினை வரவு வேறுபடும் என்பது அவர் வகுத்த அளவுகோல்.

இவற்றுள் அதிகரணம் என்பது வினைக்கு இடமாகவும் சார்பாகவும் நிற்பது. அது ஜீவாதிகரணம், அஜீவாதிகரணம் என இருவகைப்படும். உயிரில்லாத பொருளும் வினை வரவுக்கு நிலைக்களன் ஆகலாம் என்பதை ஆசாரியர் இங்கே தெளிவுபடுத்துகின்றார். அஜீவாதிகரணத்தின் வகைகளுள் முதலில் நிற்பது நிர்வர்த்தனை, அதாவது ஆக்குதல். வாளும் சூலமும் தாமாக எவரையும் கொல்வதில்லை. ஆயினும் அவற்றை ஆக்குதல் வினைக்கு வாயிலாகின்றது.

ஜீவாதிகரணத்தை ஆசாரியர் நூற்றெட்டாகப் பகுத்துள்ளார். செய்யத் துணிதலாகிய சம்ரம்பம், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதலாகிய சமாரம்பம், செயலைத் தொடங்குதலாகிய ஆரம்பம் என மூன்று. இவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றால் நிகழ்வன. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தவரை உடன்படுதல் என மேலும் மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், பற்று என்னும் கஷாயங்கள் நான்கு. மூன்றையும் மூன்றையும் மூன்றையும் நான்கையும் பெருக்க 108 ஆகும். நாம் உருட்டும் ஜபமாலையின் மணிகள் இந்த வாயில்களை நினைவூட்டுவன என்று பெரியோர் கூறுவர்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, அமெரிக்க நாட்டில் கடந்த இரு நூற்றாண்டுகளில் தோன்றிய சில கண்டுபிடிப்புகளை நோக்குவோம். அவை புகையிலையையும் விளையாட்டையும் பற்றியவை. கள்ளும் சூதும் ஏழு வியசனங்களுள் இடம்பெற்றவை. புகையிலைப் பழக்கம் கள்ளின் இனத்தைச் சேர்ந்த போதையே. இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புதிதாக ஒரு பொறியையோ முறையையோ புனைந்தவர் அதனை முழுவதும் விளக்கி அரசிடம் எழுதிக் கொடுப்பார்; அதற்கு ஈடாக, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அவர் இசைவின்றி எவரும் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்னும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கும். இதுவே காப்புரிமை. உள்ளத்தில் எழுந்த சம்ரம்பம் அங்கே எழுத்து வடிவில் பதிந்து கிடக்கின்றது.

இலையும் பொறியும்

1839-ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்துக் காஸ்வெல் வட்டாரத்தில், அபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்னும் அடிமை புகையிலை உலர்த்தும் கொட்டகையில் தீயைக் காத்திருந்தார். அவர் கண்ணயர்ந்துவிட, தீ அவியும் நிலைக்கு வந்தது. விழித்தெழுந்தவர் விரைந்து கரியைக் கொணர்ந்து இட்டார். திடீரென எழுந்த வெப்பத்தால் இலைகள் பொன் மஞ்சள் நிறம் பெற்றன என்பது வழங்கிவரும் வரலாறு. பின்னர் இம்முறை வளர்ந்து, அடுப்பின் வெப்பத்தை இரும்புக் குழாய் வழியே கொட்டகைக்குள் செலுத்திப் பதப்படுத்தும் வழக்கமாயிற்று. இவ்வாறு பதப்பட்ட இலையின் புகை தொண்டையை அதிகம் உறுத்தாது. சுருட்டின் காரமான புகையை வாயளவில் கொண்டு விட்டவர்கள், இந்த மென்மையான புகையை நுரையீரல் வரை இழுக்கலாயினர். நஞ்சின் கடுமை குறைந்தாற்போல் தோன்றியதே, அது உள்ளே ஆழமாகச் செல்ல வழி செய்துவிட்டது.

ஸ்டீபனின் செயலைச் சூத்திரத்தின்படி அளந்து பார்ப்போம். அவருக்குத் தன்னுரிமை இல்லை. அதனால் ஊதியமும் இல்லை. விளைவைப் பற்றிய அறிவும் இல்லை. மென்மையான எண்ணம், அறியாது செய்தல் என்னும் இரண்டும் அங்கே பொருந்துகின்றன.

அடுத்து வருபவர் ஜேம்ஸ் ஆல்பர்ட் பான்சாக். வர்ஜீனியா மாநிலத்தில் 1859-இல் பிறந்தவர்; கம்பளி ஆலை உடையவரின் மகன். அக்காலத்தில் சிகரெட்டுகள் கையாலேயே சுருட்டப்பட்டன. தேர்ந்த கை ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ நான்கு சிகரெட்டுகளைச் சுருட்டும். 1875-இல் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்டு கின்ட்டர் நிறுவனம், சிகரெட் சுருட்டும் பொறியைச் செய்து தருபவருக்கு 75,000 டாலர் பரிசு அறிவித்தது. இளைஞர் பான்சாக் அதில் ஈடுபட்டு, 1881-இல் காப்புரிமை பெற்றார். நறுக்கிய புகையிலை ஓர் இடையறாத தாள் நாடாவின்மேல் விழும். தாள் குழாயாக மடிந்து ஒட்டப்படும். சுழலும் கத்தி அதனை அளவாக வெட்டும். பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டுகள் என்பது அப்பொறியின் ஆற்றல். ஏறத்தாழ 48 பேரின் கைவேலையை ஒரே பொறி செய்தது.

பரிசு அறிவித்த நிறுவனம் அப்பொறியை ஏற்றுக்கொள்ளவில்லை. டர்ஹாம் நகரத்து ஜேம்ஸ் புக்கானன் டியூக் அதனை ஏற்று, 1885-இல் பான்சாக் நிறுவனத்தோடு தமக்குச் சாதகமான உடன்படிக்கை செய்துகொண்டார். உற்பத்தி பெருகியது, விலை குறைந்தது, அவ்வளவையும் வாங்குவதற்குப் புதிய மனிதர்கள் வேண்டப்பட்டனர். விளம்பரங்கள் பெருகின. சிகரெட் பெட்டிக்குள் படம் அச்சிட்ட அட்டைகள் வைக்கப்பட்டன. அவற்றைச் சேர்ப்பது சிறுவர்க்கு விளையாட்டாயிற்று. பசியைத் தணிக்கப் பகவான் தொழிலைக் கற்பித்தார். இங்கோ பொறி முதலில் வந்தது, அதன் விளைச்சலை உட்கொள்ளும் பசி பின்னர் உண்டாக்கப்பட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் குடும்பத்தார் 1883-இலேயே இப்பொறியின் உரிமையைப் பெற்றனர். அவர்களும் பிறரும் இணைந்து 1901-இல் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனமாயினர். 1910-இல் கல்கத்தாவில் ஓர் இந்திய நிறுவனம் எழுந்தது. இவ்வாறு அத்தொழில் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பான்சாக் நிறுவனம் தன் பொறிகளை வாடகைக்கு விட்டு, ஆயிரம் சிகரெட்டுக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை பெற்றது. பொறியைச் செய்து விற்றுவிட்டு ஒதுங்கியவரின் நிலை வேறு; ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கூலி எண்ணிப் பெறுபவரின் நிலை வேறு. பின்னவர் அப்பொறி ஓட வேண்டும், இன்னும் ஓட வேண்டும் என்று விரும்புகின்றார். உடன்படுதல் என்று ஆசாரியர் சொன்ன அனுமோதனை, ஒரு முறை நிகழ்ந்து முடியாமல், கணக்கேட்டின் ஒவ்வொரு வரியிலும் புதிதாகப் பிறக்கின்றது. கை ஓய்ந்திருக்கின்றது, வாய் மௌனமாக உள்ளது, ஆயினும் மனம் என்னும் வாயில் மூடப்படவே இல்லை.

அறியாமையும் அறிவும்

1881-இல் பான்சாக் தம் பொறியின் முழு விளைவை அறிந்திருக்க வழியில்லை. அறியாது செய்தலின் அளவில் அவருக்கு வினை வரவு குறைவாகலாம். ஆனால் காலம் அவ்வாறே நின்றுவிடவில்லை. 1950-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவின. 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதனை உறுதி செய்தது. அன்று முதல் 'அறியேன்' என்னும் சொல் எவர்க்கும் துணையாகாது.

அறிந்தபின் அத்தொழிலினர் செய்தவை யாவை? புகையை வடிகட்டும் முனைகள் புனையப்பட்டன. 1952 முதல் 1956 வரை கென்ட் என்னும் சிகரெட்டின் வடிகட்டியில் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. அக்கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே. முன்னர்க் கழிவாக ஒதுக்கப்பட்ட காம்பையும் தூளையும் கூழாக்கித் தாள் போல் வார்த்து, மீண்டும் சிகரெட்டில் சேர்க்கும் முறைகள் பெருகின. 2006-இல் வாஷிங்டன் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றம், பெரிய சிகரெட் நிறுவனங்கள் தீங்கை அறிந்திருந்தே பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தது. அறிந்து செய்தலோடு மாயக் கஷாயமும் சேர்ந்தது என்பதே சமண நூல் வழியில் அதன் பொருள்.

இன்று உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் உயிரிழக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தாம் புகைக்காது பிறர் விட்ட புகையால் மாண்டோரும் அவர்களுள் அடங்குவர். இத்துடன், இலையை உலர்த்த எரிந்த மரங்களையும், அத்தீயில் மாய்ந்த நுண்ணுயிர்களையும் எண்ணிப் பார்த்தல் சிராவகர்க்குக் கடமையாகும்.

சீனநாட்டு மருந்தாளர் ஹான் லிக் என்பவர் 2003-இல் மின்சிகரெட்டைப் புனைந்தார். புகைப்பழக்கத்திலிருந்து மீள வேண்டும் என்பது அவர் நோக்கம். அவருடைய தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். நோக்கம் நன்றாயினும், அக்கருவி பழத்தின் சுவையும் மணமும் ஊட்டப்பெற்று, புகைத்தறியாத சிறாரையும் பற்றியது. 2019-இல் நம் நாடு அதன் உற்பத்தியையும் விற்பனையையும் விளம்பரத்தையும் தடை செய்தது. நல்லெண்ணத்தால் பிறந்த கருவியும் பற்றுடையார் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

விளையாட்டுப் பலகைகள்

இனி விளையாட்டை நோக்குவோம். மனத்துக்கு இளைப்பாறுதல் தரும் விளையாட்டு அனைத்தையும் நம் சமயம் கடிவதில்லை. விளையாட்டின் வழியே அறம் புகட்டுதல் நம் மரபிலும் உண்டு. இராசத்தானத்திலும் குசராத்திலும் வாழ்ந்த சமணர் ஞான சௌபர் என்னும் பலகையை ஆக்கி விளையாடினர். 84 கட்டங்களைக் கொண்ட பலகைகள் அவர்களிடையே வழங்கின. நல்வினை ஏணியாகும், தீவினை பாம்பாகும், உச்சியில் சித்தர்கள் உறையும் இடம் விளங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குணமோ குற்றமோ எழுதப்பட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகை ஆட்டம் இங்கிலாந்து சென்று வணிகப் பொருளாயிற்று. அங்கே நாளடைவில் கட்டங்களின் பெயர்கள் உதிர்ந்தன. பாம்பும் ஏணியும் தாயக்கட்டையும் மட்டும் எஞ்சின. ஏன் ஏறினோம், ஏன் வீழ்ந்தோம் என்பதை இன்றைய பலகை சொல்வதில்லை.

அமெரிக்காவிலும் அறம் புகட்டும் நோக்கத்தோடு பலகை செய்தவர் உண்டு. மில்ட்டன் பிராட்லி என்பவர் 1860-இல் வெளியிட்டு 1866-இல் காப்புரிமை பெற்ற 'வாழ்க்கை' ஆட்டத்தில், சோம்பல் இழிவுக்கும் சூது அழிவுக்கும் வழியாகக் காட்டப்பட்டன. தாயக்கட்டை சூதாடுவோர் கருவி என்று கருதி, அதற்கு மாற்றாக எண் பொறித்த பம்பரத்தை அவர் அமைத்தார். கருவியைத் தேர்வதிலும் கருத்து வேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர்.

லிஸ்ஸி மேகி என்னும் அம்மையார் 1904-இல் நிலக்கிழார் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தைச் சிலரே வளைத்துக்கொண்டால் பலர் வறியவர் ஆவர் என்பதை உலகத்துக்குக் கற்பிக்க விரும்பியே அவர் அதனைப் புனைந்தார். செல்வம் பெருகும்போது அனைவரும் பயன் பெறும் விதி ஒன்றும், ஒருவரே அனைத்தையும் கவரும் விதி ஒன்றுமாக இரு வகை விதிகளை வகுத்தார். நம் மொழியில் சொன்னால், பரிக்கிரகத்தின் தீமையைக் காட்டும் பாடம் அது. ஆனால் அவ்வாட்டம் கைமாறிச் சென்று, 1935-இல் சார்ல்ஸ் டாரோ என்பவர் பெயரால் 'மோனோப்பொலி' என்று வெளிவந்தது. பார்க்கர் சகோதரர் நிறுவனம் அம்மையாரின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. கவரும் விதி நின்றது. பகிரும் விதி மறைந்தது. பிறரை ஓட்டாண்டியாக்குவது வெற்றி என்று உலகெங்கும் குழந்தைகள் விளையாடுகின்றனர்.

இவ்விரண்டினும் கொடியது சூதுப்பொறி. காசிட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழன்று நிற்கும் பொறியைச் சார்ல்ஸ் ஃபே என்பவர் 1890-களில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆக்கினார். அக்காலத்து அமெரிக்க நீதிமன்றங்கள், சூதுக்கு மட்டுமே பயன்படும் பொறி மக்களுக்குப் பயனுடையது அன்று; ஆதலின் அதற்குக் காப்புரிமை செல்லாது என்று கூறிவந்தன. 1889-இல் மதுக்கடைகளில் வைக்கப்பட்ட பொம்மைக் குதிரைப் பந்தயப் பொறிக்கு அவ்வாறே தீர்ப்பாயிற்று. அந்த வேலி பின்னர்த் தளர்ந்தது. 1977-இல் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியம் சூதுப்பொறிக்கும் உரிமை உண்டு என்று முடிவு செய்தது.

ஏழே ஆண்டுகளில், 1984-இல், இங்கே டெல்னஸ் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. அதன்படி உருளை எங்கே நிற்கும் என்பதைச் சுழற்சி தீர்மானிப்பதில்லை; உள்ளே இருக்கும் கணினி ஓர் எண்ணைத் தேர்ந்து தீர்மானிக்கின்றது. பரிசுக்குரிய படத்துக்கு மிகச் சில எண்கள். வெறும் இடத்துக்கு மிகப் பல எண்கள். பார்ப்பவர் கண்ணுக்கோ எல்லாப் படங்களும் சமமாகச் சுழல்கின்றன. வெல்லும் வாய்ப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகின்றது. 'மயிரிழையில் தவறியது, மறுமுறை கிட்டும்' என்னும் மயக்கம் பிறக்கின்றது. இன்று கைப்பேசியில் வரும் பணவிளையாட்டுகளிலும் இம்மயக்கத்தைக் காண்கின்றோம். புனைந்தவர்தம் உள்ளத்தை நாம் அறியோம். பிறரை இகழ்தல் நீச கோத்திரத்துக்கு வாயில் என்று நூல் கூறுகின்றது. அவர்கள் வினை அவர்களுக்கு. நாம் கற்க வேண்டியதை மட்டும் கற்போம்.

எதிர்வாதமும் விடையும்

"கருவி சடம், அதற்கு நன்மை தீமை இல்லை, குற்றம் பயன்படுத்துவோருடையது" என்று வாதிப்பார் உண்டு. இதில் ஒரு பகுதி உண்மை உள்ளது. வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்தில், வணிகன் பத்திரமித்திரன் அடைக்கலமாகத் தந்த மணிகளை அமைச்சன் சத்தியகோடன் வஞ்சித்துக் கொண்டான். அரசி இராமதத்தை அவனோடு சூதாடி, அவனுடைய மோதிரத்தை வென்று, அதனை அடையாளமாகக் காட்டி மணிகளை மீட்டாள். அங்கே சூதாட்டக் கருவி நீதிக்குத் துணை நின்றது. ஆகவே கருவி பலவாறாகப் பயன்படக் கூடியதாயின், பயன்படுத்துவோரின் எண்ணமே பெரிதும் அளவுகோலாகும்.

ஆனால் ஒரே பயனுக்கென்று ஆக்கப்பட்ட கருவிக்கு இவ்விடை பொருந்தாது. மண்வெட்டி உழவுக்கும் உதவும், கொலைக்கும் உதவும். நிமிடத்துக்கு இருநூறு சிகரெட் சுருட்டும் பொறி வேறெதற்கு உதவும்? இழப்பவனை மேலும் இழக்கச் செய்யும் நிரல் வேறெதற்கு உதவும்? அவற்றை ஆக்குவோரின் சம்ரம்பமே அப்பயனை நோக்கியது. மேலும், கை ஒன்றால் செய்யும் தீமைக்குக் களைப்பு என்னும் எல்லை உண்டு. பொறிக்குக் களைப்பில்லை. புனைந்தவர் உறங்கும்போதும் அது உழைக்கின்றது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பான்சாக் காலத்தில் அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். இன்று நம் நாட்டில் 20 ஆண்டுகள். அதன்பின் உரிமை முடியும், ஊதியமும் முடியும். ஆனால் மோகனீய கருமத்தின் மிகுதியான நிலைக்காலம் எழுபது கோடாகோடி சாகரோபமம் என்று ஆகமம் கூறுகின்றது. இருபது ஆண்டு ஊதியத்துக்காக இத்துணை நெடிய கடனை ஏற்பது வாணிகத்திலும் அறிவுடைமை ஆகாது.

உலகச் சட்டமும் இவ்வுண்மையைச் சிறிதளவேனும் ஏற்றுள்ளது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒழுக்கத்துக்கு மாறான புனைவோ, மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் உயிருக்கோ நலத்துக்கோ பெருங்கேடு விளைக்கும் புனைவோ காப்புரிமைக்குரியது அன்று என்கின்றது. விளையாடும் முறையையும் அப்பிரிவு விலக்கியுள்ளது. 2025-இல் நாடாளுமன்றம் இணையவழிப் பணவிளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. எனினும் சட்டம் வெளிக்கதவை மட்டும் அடைக்கும். நூற்றெட்டு உள்வாயில்களை அடைக்க வல்லது விரதம் ஒன்றே.

நாம் செய்யத்தக்கவை

சிராவகர்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதி என்பது ஒன்று. பயனற்ற தீமையினின்றும் விலகுதல் அதன் பொருள். தீவினைக்கு வழி சொல்லுதல், கொலைக்கருவி தருதல், பிறர்க்குக் கேடு நினைத்தல், தீய நூல் கேட்டல், மடிமையால் உயிர்க்குத் துன்பம் செய்தல் என்னும் ஐந்தையும் அது விலக்கும். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் இதனை விளக்கினார். அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் பயிலப்படும் நூல். கோடரியும் வாளும் தீயும் நஞ்சும் பிறர்க்கு அளித்தல் ஆகாது என்று முன்னோர் விதித்ததை, நம் காலத்துக் கருவிகளுக்கும் பொருத்திக் காண வேண்டும்.

பொறியியல் பயிலும் பிள்ளைகளே! வேலைக்கான அழைப்பு வரும்போது ஊதியம் எவ்வளவு என்று கேட்கும் முன், என் கையால் ஆவது எது, அதனால் எவ்வுயிர்க்கு என்ன நேரும் என்று கேளுங்கள். பெற்றோர்களே! ஊதியம் குறைந்தாலும் தூய தொழிலைத் தேர்ந்த மகனையும் மகளையும் உறவினர் நடுவே தாழ்த்திப் பேசாதீர்கள். சுற்றத்தார் ஏளனத்துக்கு அஞ்சியே பல பிள்ளைகள் மனம் ஒவ்வாத தொழிலில் நிற்கின்றனர். அவ்வினையில் ஏளனம் செய்தவர்க்கும் பங்குண்டு.

சேமிப்பைப் பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் இடுவோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அப்பணம் எத்தொழிலில் உழைக்கின்றது என்று பார்க்க வேண்டும். புகையிலை, மது, சூது, ஊன் ஆகிய தொழில்களின் இலாபம் நம் கணக்கில் சேருமாயின், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பெற்றவரின் நிலையே நம் நிலையும். திருமணங்களிலும் விழாக்களிலும் விருந்தினர்க்குச் சிகரெட் தருவதும், இரவெல்லாம் பணம் வைத்துச் சீட்டாட இடம் தருவதும் உபசாரம் ஆகா, அவை ஹிம்சாதானமே.

முன்னரே இத்தகைய தொழிலில் சேர்ந்து, கடனும் குடும்பமும் சுமப்பவர்கள் உளராயின், அவர்கள் மனம் உடைய வேண்டியதில்லை. கட்டிய வினை அனைத்தும் கட்டியவாறே நிற்பதில்லை. ஆலோசனையாலும் பிரதிக்கிரமணத்தாலும் தவத்தாலும் அதன் வலிமை குறையும். நாள்தோறும் சாமாயிகத்தில் அமர்ந்து, செய்ததையும் செய்வித்ததையும் உடன்பட்டதையும் எண்ணி வருந்துக. விலகுவதற்கு ஒரு காலவரை குறித்து, அதுவரை வேறு தொழிலுக்கான திறனைத் தேடுக. சமூகத்தில் வசதியுடையோர் அத்தகையோர்க்கு வேலை தேடித் தருவதும், படிப்புக்கு உதவுவதும் சிறந்த தானமாகும். அது ஒருவரின் வினை வரவை நிறுத்தத் துணை செய்யும் ஸம்வர உதவி.

வரும் தசலட்சண பர்வத்தில் நம் ஜினாலயந்தோறும், இல்லந்தோறும் ஒரு சிறு விரதம் ஏற்போமாக. 'என் அறிவையும் பொருளையும் உயிர்க்குத் தீங்கு செய்யும் கருவிக்குக் கொடேன். கொடுப்பவரை உடன்படேன்' என்பதே அது. ஜபமாலையின் ஒவ்வொரு மணியைத் தொடும்போதும் ஒரு வாயிலை அடைத்ததாக எண்ணுவோம். ஆதிபகவன் கற்பித்த ஆறு தொழில்களும் நம் பிள்ளைகளின் கையில் தூய்மையோடு விளங்குக. அவர்கள் புனையும் கருவிகள் நோயைத் தணிப்பனவாக, உழவைக் காப்பனவாக, அச்சத்தைப் போக்குவனவாக அமைக.

எல்லா உயிரும் இன்புறுக! ஜின அறம் ஓங்குக!